கடல் தடுக்கவில்லை!

“தனியாகவா?”

ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே எத்தனை நூற்றாண்டுகள் வரிசையிட்டு நிற்கின்றன என்பதை எனக்கு உணர்த்திற்று ஒரு மாலைப்பொழுது.

காவிரி பாயும் தஞ்சைத் தரணியிலே, ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை நான். கல்லூரியில் கலைப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, பணியில் அமர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த நான்கு ஆண்டு ஊதியத்தில் மிச்சம் பிடித்த தொகை ஒன்று வங்கியிலே இருக்கிறது. வீட்டார் அதனை நகையாக எண்ணிப் பார்க்கின்றனர். நான் அதனை நாடுகளாக எண்ணிப் பார்த்தேன். கோடை விடுமுறையில் பன்னிரண்டு நாள் ஐரோப்பா சென்று வர வேண்டும் என்ற எண்ணத்தைத் தந்தையிடம் கூறினேன்.

என் தந்தை நாள் பார்ப்பவரல்லர், கோள் பார்ப்பவரல்லர். தாலியின்றி, தட்சணையின்றி, தமிழ் வாழ்த்தோடு சீர்திருத்தத் திருமணம் செய்துகொண்டவர். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: “தனியாகவா?”

திண்ணையிலிருந்த அப்பாயி அதற்குமேல் ஒருபடி சென்றார். “கடலத் தாண்டியா? வேண்டாம்டி ஆத்தா!”

தந்தையின் கேள்விக்கும் அப்பாயியின் தடைக்கும் விடை தேடி வரலாற்றைப் புரட்டினேன். நான் கண்டதை, நண்பர்களே, உங்கள் முன் வைக்கிறேன். என்னைப்போல் பெட்டி கட்டத் துடிக்கும் பெண்ணொருத்தி உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அவளுக்கு இது பயன்படட்டும்.

கல்லிலே எழுதிய கடற்செலவு

தஞ்சைப் பெரிய கோயிலை அறியாதவர் யார்? கோபுரத்தை அண்ணாந்து பார்ப்போர் ஆயிரவர். சுவரைக் குனிந்து படிப்போர் மிகச் சிலர். அந்தச் சுவரிலே முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. அலைகடல் நடுவே கலம் பல செலுத்திக் கடாரத்து அரசனை வென்ற செய்தி அதிலே கூறப்படுகிறது. அந்தப் படையெடுப்பு நிகழ்ந்தது 1025ஆம் ஆண்டளவில். கடல் கடந்தது பழியென்று கருதப்பட்டிருந்தால் மறைத்திருப்பார்கள். பெருமையென்று கருதியதால் கோயிற் கல்லிலேயே பொறித்தார்கள்.

அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் கடலோடியிருக்கிறான். செங்கடற்கரையிலே, எகிப்து நாட்டின் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் அகழ்ந்தபோது, பானை ஓடுகளில் கண்ணன் என்றும் சாதன் என்றும் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் கிடைத்தன. பெரனிகே என்னும் மற்றொரு துறையில் கொற்றபூமான் என்ற பெயர் கிடைத்தது. அரசர் பெயர்களல்ல இவை. பானைக்கு உரிமை கொண்டாடிய எளிய மனிதர் பெயர்கள். நம் புகார்த் துறையிலே யவனர் குடியிருந்ததைப் பழந்தமிழ் இலக்கியம் பேசுகிறது. அவர்கள் இங்கு வந்ததும், இவர்கள் அங்கு சென்றதும் இயல்பாய் நடந்த காலம் அது.

நாகைக்கு வாருங்கள். கடாரத்தரசன் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அந்தக் கொடையைக் கூறும் 21 செப்பேடுகளும், முதலாம் குலோத்துங்கன் காலத்து 3 செப்பேடுகளும் பிற்காலத்தில் எங்கே போயின தெரியுமா? நாகை 1658 முதல் 1781 வரை ஒல்லாந்தர் கையில் இருந்தது. ஏடுகள் கடலேறி ஒல்லாந்து நாடு சென்றன. அங்கே லெய்டன் நகரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. சோழன் வெட்டுவித்த செப்பேடு, ஆனைமங்கலத்தின் பெயரால் மட்டுமன்றி, ‘லெய்டன் செப்பேடு’ என்றும் உலகெங்கும் பெயர் பெற்றது! அவற்றைத் தாயகத்துக்கு மீட்க வேண்டும் என்ற குரல் அண்மை ஆண்டுகளில் வலுத்தது.

செப்பேடு கடல் தாண்டிற்று. யாரும் அதைத் தனியாகவா என்று கேட்கவில்லை. தஞ்சையில் பிறந்த மனிதருக்கு மட்டும் கடல் எப்போது கதவாயிற்று?

பூட்டியவர் யார்?

போதாயனர் பெயரால் வழங்கும் தரும நூல், கடற்செலவைச் சாதி இழக்கச் செய்யும் குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறது. ஆனால் அதே நூல், வடபுலத்தார்க்கே உரிய வழக்கங்கள் என்று சிலவற்றை அடுக்குமிடத்தில் கடலிற் செல்வதையும் சேர்த்துச் சொல்கிறது. அஃதாவது, தடை எழுதிய காலத்திலேயே மக்கள் கடலில் சென்றுகொண்டுதான் இருந்தனர்! பின்னெழுந்த நூல்கள், கலியுகத்தில் விலக்கத்தக்கவை என்றொரு பட்டியல் வகுத்து, கடல் சென்று மீண்ட இருபிறப்பாளனை மீண்டும் சேர்த்துக்கொள்வதையும் அதிலே அடக்கின. ஏட்டிலே கிடந்த விதி, காலம் செல்லச் செல்ல வீட்டிலே வந்து உட்கார்ந்துகொண்டது.

அது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று, உண்மையாகவே கடித்தது. 1888ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயிலிருந்து இலண்டனுக்குச் சட்டம் படிக்கப் புறப்பட்ட இளைஞர் காந்தியை அவருடைய சாதியார் கூட்டம் கூட்டி விலக்கி வைத்தது. பிற்காலத்தில் நாடே பின்தொடர்ந்த மனிதர், திரும்பி வந்தபின் நாசிக்கிலே கழுவாய்ச் சடங்கு செய்ய வேண்டியிருந்தது.

பம்பாய் கிடக்கட்டும், நம் காவிரிக்கரைக்கே வருவோம். இங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றவர் கதைகளுள் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று 1714. மற்றொன்று 1914. இடையே சரியாக இருநூறு ஆண்டுகள்.

தரங்கம்பாடியிலிருந்து

1620ஆம் ஆண்டு, தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்காரரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் தங்கி வாணிகம் செய்ய இடம் தந்தார். டேன்சுபோர்க்கு என்னும் கோட்டை எழுந்தது. 1706இல் அங்கே வந்திறங்கினார் செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு. மணலில் எழுத்துப் பழகி, தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த பணி அவர் தொடங்கிவைத்தது.

1714ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அவர் தாயகம் புறப்பட்டபோது, மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். மாதக்கணக்கான கப்பற் பயணம். நார்வே நாட்டின் பெர்கன் துறையில் இறங்கி, அங்கிருந்து செருமனியின் ஹாலே நகர் வரை சென்றார் மலையப்பன். சீகன்பால்கு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அந்த ஹாலே நகரிலேதான் அச்சேறிற்று. ஐரோப்பியர் தமிழ் கற்க அச்சான அந்த நூலுக்குப் பக்கத்திலே, தமிழைத் தாய்மொழியாய்ப் பேசிய ஓர் இளைஞர் இருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்! அதே ஆண்டில் அவர் தரங்கம்பாடி திரும்பிவிட்டார்.

ஆனால் அவர் என்ன கண்டார்? முதல் முறை பனியைப் பார்த்தபோது என்ன நினைத்தார்? ஹாலேயின் தெருவிலே நடந்தபோது சிறுவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்களா? சீகன்பால்கின் கடிதங்கள் தொகுதி தொகுதியாக நூலாகியுள்ளன. அவரைப் பற்றி நாம் அறிவது மிகுதி. மலையப்பனைப் பற்றி அறிவது பெரும்பாலும் பிறர் எழுதிய குறிப்புகளாலேயே. அவர் சென்றார் என்பதைவிட, அழைத்துச் செல்லப்பட்டார் என்பதே பொருந்தும். பயணம் அவருடையது, பயணத்தின் நோக்கம் மற்றவருடையது.

குடந்தையிலிருந்து

இருநூறு ஆண்டுகள் ஓடின. குடந்தைச் சாரங்கபாணி சன்னதித் தெருவிலே வளர்ந்த இராமானுசன், சென்னைத் துறைமுகத்திலே எழுத்தராக 1912 மார்ச்சில் சேர்ந்தார். ஊதியம் திங்களுக்கு 30 ரூபாய். நாள்தோறும் கப்பல்கள் வந்து போகும் இடத்திலே கணக்கெழுதி, மிஞ்சிய நேரத்தில் உலகம் காணாத கணிதத்தை எழுதினார். 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். வருக என்றார் ஹார்டி. வர இயலாது என்றார் இராமானுசன்.

ஏன் இயலாது? கப்பல் இல்லையா? இருந்தது. காசு இல்லையா? சென்னைப் பல்கலைக்கழகம் பின்னர் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும், ஆடைக்கும் பயணத்துக்கும் தனித்தொகையும் தந்தது. அறிவு இல்லையா? அதைக் கேட்பதே பிழை. தடையாக நின்றது ஒன்றே. கடல் கடந்தால் சாதி போகும் என்னும் அச்சம்.

1914 தொடக்கத்தில் ஹார்டியின் நண்பர் நெவில் சென்னைக்கு வந்து கேட்டபோது, இராமானுசன் இசைந்துவிட்டிருந்தார். தாயார் கோமளத்தம்மாள் ஒரு கனவு கண்டாராம். மகன் வெள்ளையர் நடுவே வீற்றிருக்க, நாமகிரித் தாயார் தோன்றி, மகனின் வழியில் நிற்காதே என்று கட்டளையிட்டாராம். கனவை நம்புவோர் நம்பட்டும். நான் காண்பது ஒரு தாயின் மனத்தை. சாத்திரம் பூட்டிய பூட்டை உடைக்கும் உரிமை அவருக்கு இல்லை. ஆனால் மகனை விடுவிக்க வேண்டும். தமக்குத் தெரிந்த ஒரே மொழியில் அவர் அந்தப் பூட்டைத் திறந்தார்.

அதன்பின் நடந்த பயண ஏற்பாட்டைப் பாருங்கள். கோட்டும் காற்சட்டையும் தைத்தாயிற்று. முள்கரண்டி பிடிக்கப் பழக வேண்டியிருந்தது. மரக்கறி உணவுக்கு வழி தேட வேண்டியிருந்தது. உதவித்தொகையில் ஒரு பகுதி குடும்பத்துக்குச் சேர ஏற்பாடாயிற்று. குடுமியைக் களைய வேண்டும். அந்தக் கோலத்தில் தாயும் மனைவியும் தம்மைக் காணலாகாதென, இருவரையும் முன்கூட்டியே குடந்தைக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஏப்ரல் 14ஆம் நாள் அவர் இலண்டன் சேர்ந்தார்.

1918இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1919 தொடக்கத்தில், நோயுற்ற நிலையிலும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: தமக்கு வரும் உதவித்தொகையில் தேவைக்குமேல் மிஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்றோரின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் கருத்து. பள்ளி ஆசிரியை என்ற முறையில், அவருடைய சூத்திரங்களைவிட இந்தக் கடிதமே எனக்கு எளிதில் விளங்குகிறது, ஆழமாகவும் தைக்கிறது.

1920 ஏப்ரல் 26ஆம் நாள் 32 வயதில் மறைந்தார். அவர் இறுதிச் சடங்குக்கு வைதிக உறவினர் பலர் வரவில்லையென வாழ்க்கை வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். கடல் கடந்து வந்தவர் கழுவாய்ச் சடங்கு செய்து முடிக்கவில்லை என்பது காரணம்! உலகம் வணங்கிய மூளைக்கு உறவினர் வைத்த விலை அது.

நாகையின் மறுபக்கம்

இவ்வளவு பெரிய பாவமா கடற்பயணம்? அப்படியானால் நாகைத் துறையில் நாள்தோறும் நடந்தது என்ன?

இராமானுசனின் குடந்தையிலிருந்து நாகை மிகத் தொலைவன்று. அந்த நாகையிலிருந்துதான் கீழத்தஞ்சையின் பண்ணையாட்கள், கடனாளிகள், காணியற்றோர் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிப் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். கங்காணி ஊருக்குள் வந்து ஆள் திரட்டினான். மேல்தளத்திலே மூட்டையோடு மூட்டையாய் மனிதர் கிடந்தனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் அவர்கள் முதுகில் வளர்ந்தன. 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அழைத்துச் செல்வதற்குத் தடை விதிக்கும் வரை அது நடந்தது. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பல், சென்னையையும் நாகையையும் தொட்டுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை மக்களை ஏற்றிச் சென்றது.

அவர்களை யாராவது தடுத்தார்களா? சாத்திரம் குறுக்கே நின்றதா? கழுவாய் கேட்டதா? இல்லை! கற்கச் செல்பவனுக்குத்தான் கடல் தீட்டு. கூலிக்குச் செல்பவனுக்குக் கடல் வெறும் தண்ணீர். விதியின் முகமூடி இங்கே கழன்று விழுகிறது.

இதை அப்பாயியிடம் நான் முழக்கமாகவே சொன்னேன். மூடநம்பிக்கையை மோதி வீழ்த்திவிட்ட பெருமிதத்தோடு சொன்னேன். அவர் பேசாமலிருந்தார். நெடுநேரம் கழித்துச் சொன்னார்:

“எங்கப்பாவும் நாகப்பட்டினத்துலதான் கப்பல் ஏறுனாரு. நான் கைக்குழந்தை. ரெண்டு மூணு கடுதாசி வந்துச்சாம். அப்புறம் சண்டை வந்துச்சு. கடுதாசி நின்னு போச்சு.”

நான் தலை குனிந்தேன். 1941 திசம்பரில் சப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டத் தமிழர் பெருந்திரளாகச் சயாம் – பர்மா இரயில்பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பாதவர் ஏராளம். என் கொள்ளுப்பாட்டனார் அங்கே சென்றாரா, வேறெங்கே மறைந்தாரா, அப்பாயிக்குத் தெரியாது. அவர் கடலுக்கு அஞ்சியது சாத்திரத்தால் அன்று. கடல் அவர் தந்தையைத் திருப்பித் தரவில்லை. நான் வரலாறு கற்பிப்பவள். என் வீட்டுத் திண்ணையில் இருந்த வரலாற்றை இருபத்தேழு ஆண்டுகளாகக் கேட்காமல் இருந்தேன்.

விரும்பிச் சென்றவர்

அழைத்துச் செல்லப்பட்டவரைக் கண்டோம். அழைப்பு வந்து சென்றவரைக் கண்டோம். விற்கப்பட்டதுபோல் சென்றவரையும் கண்டோம். தாமே விரும்பி, தாமே திட்டமிட்டு, உலகைக் காண வேண்டும் என்பதற்காகவே சென்றவர் எவர்?

1931 திசம்பர் 13ஆம் நாள் பெரியார் சென்னையில் கப்பலேறினார். வயது ஐம்பத்திரண்டு. கல்லூரி வாசலை மிதியாதவர். உடன் சென்றோர் இராமநாதனும் இராமுவும். எகிப்து, கிரேக்கம், துருக்கி, சோவியத்து நாடு, செருமனி, இங்கிலாந்து, எசுபானியா என்று ஏறத்தாழ ஓராண்டு சுற்றினார். பார்த்ததை நாட்குறிப்பில் எழுதினார். 1932இல் இலங்கை வழியாகத் திரும்பியபின், பெயருக்கு முன் பட்டங்களை விடுத்துத் தோழர் என்றே அழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஓராண்டுப் பயணத்திலிருந்து அவர் கொண்டுவந்த பொருள்களுள் ஒரு சொல்லும் இருந்தது!

நம் தஞ்சை மாவட்டத்து ஏ. டி. பன்னீர்செல்வம், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து பேசியவர். 1940இல் இந்திய அமைச்சரின் ஆலோசகராகப் பொறுப்பேற்க மீண்டும் இலண்டனுக்குப் புறப்பட்டார். மார்ச் 1ஆம் நாள், அவர் சென்ற ஹானிபால் என்னும் வானூர்தி ஓமான் வளைகுடாவுக்கு மேலே மறைந்தது. எவரும் மீளவில்லை. பயணம் எப்போதும் மாலையோடு முடிவதில்லை என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் நண்பர்களே, இந்த வரிசையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். மலையப்பன், இராமானுசன், பெரியார், பன்னீர்செல்வம். அனைவரும் ஆடவர்! பெண் எங்கே?

குடந்தைக்கு அனுப்பப்பட்ட இராமானுசனின் மனைவி சானகி அங்கேதான் இருந்தார். கணவர் சென்றபோது பதினைந்து வயதுகூட நிறையாத பெண். ஐந்தாண்டு காத்திருந்தார், ஓராண்டு பணிவிடை செய்தார், பின்னர் எழுபத்து நான்கு ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்தார். தையல் கற்று, சென்னைத் திருவல்லிக்கேணியில் தம் உழைப்பில் வாழ்ந்து, 1994இல் மறைந்தார். கணவரின் புகழ் உலகைச் சுற்றிற்று. அவர் தையற்பொறியின் சக்கரத்தைச் சுற்றினார்.

தடையைத் தாண்டிய பெண்ணும் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்து 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, 1925இல் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். 1926இல் பாரிசில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். திரும்பி வந்து சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தார்; தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். பெண் கடல் கடந்தால் குடும்பம் கெடும் என்றனர். நாட்டின் ஒரு பெரும் கேடு ஒழிய அவர் காரணமானார்!

படிவம் கேட்காத கேள்வி

இனி என் பயணத்துக்கு வருகிறேன்.

1985 சூன் 14ஆம் நாள், லக்சம்பர்க்கு நாட்டின் செங்கன் என்னும் சிற்றூரை ஒட்டி, மோசல் ஆற்றிலே நின்ற ஒரு படகில் ஐந்து நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இன்று 29 நாடுகள் அதற்குள் அடங்குகின்றன. ஒரு நாட்டின் நுழைவிசைவு பெற்றால் மற்றவற்றுக்கும் செல்லலாம். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். எந்த நாட்டில் மிகுதியான நாள் தங்குகிறோமோ, அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். புறப்பாட்டுக்கு ஆறு திங்களுக்கு முன்னும் ஆகாது. பதினைந்து நாளுக்குப் பின்னும் ஆகாது. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கு, தங்குமிடச் சான்று, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவை வேண்டும். அரசுப் பணியில் இருப்பதால் துறையின் இசைவும் வேண்டும்.

வழியையும் வகுத்துவிட்டேன். முதலில் கோபன்கேகன். தரங்கம்பாடிக் கோட்டையை அரசின் சார்பில் கட்டுவித்த நாட்டின் தலைநகர். அங்கிருந்து இரயிலில் ஆம்பர்க்கு வழியாக ஹாலே. அந்நகரின் பிராங்கே நிறுவனத்திலே தரங்கம்பாடியிலிருந்து சென்ற தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் காக்கப்படுகின்றன. மலையப்பன் நடந்த தெருவில் நான் நடக்க வேண்டும். இறுதியில் லெய்டன், ஆனைமங்கலத்துச் செப்பேட்டுக்குத் தன் பெயரைச் சூட்டிய ஊர். ஆம்சுடர்டாமில் வானூர்தி ஏறித் திரும்புவேன். நாட்கள் மிகுதியாகச் செருமனியில் கழிவதால் அந்நாட்டிடமே விண்ணப்பம்.

கேம்பிரிட்ஜ் இல்லையா என்று கேட்பீர்கள். டிரினிட்டிக் கல்லூரி நூலகத்திலே, 1976இல் கண்டெடுக்கப்பட்ட இராமானுசனின் ‘தொலைந்த குறிப்பேடு’ இருக்கிறது, காண ஆசைதான். இங்கிலாந்துக்குத் தனி நுழைவிசைவு, தனிக் கட்டணம். கையிலிருக்கும் பணத்தைக் கணக்கிட்டேன், அடித்துவிட்டேன். அது அடுத்த பயணம்.

இந்தத் தாள்களைத் திரட்டும் போது ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்: “கூட யாரம்மா வராங்க?” நான் படிவத்தை அவரிடமே திருப்பிக் காட்டினேன். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை அந்தக் கேள்வி அதிலே இல்லை! சட்டம் கேட்கவில்லை, செங்கன் நாடுகள் கேட்கவில்லை, அச்சடித்த தாள் கேட்கவில்லை. மனிதர் மட்டுமே கேட்கிறார்கள். எழுதிய விதி போயிற்று. எழுதாத விதி எஞ்சி நிற்கிறது. வைதிகர் வீட்டில் அது தீட்டு என்ற பெயரில் இருந்தது. பகுத்தறிவு பேசும் வீட்டில் அது பாதுகாப்பு என்ற பெயரில் இருக்கிறது. பெயர் மாறிற்று, பூட்டு மாறவில்லை.

ஐரோப்பா சொர்க்கமென்று நான் எண்ணவில்லை. நம் செப்பேட்டைக் கொண்டு சென்றதும் அவர்களே. நம் மக்களைக் கூலியாய் ஏற்றிச் சென்றதும் அவர்கள் கப்பலே. வணங்குவதற்கு நான் செல்லவில்லை. பார்ப்பதற்குச் செல்கிறேன், நம்முடையது எது, அவர்களுடையது எது என்று என் கண்ணாலேயே பார்த்துவந்து, வயலிலிருந்து நேரே வகுப்புக்கு வரும் என் மாணவியரிடம் சொல்வதற்குச் செல்கிறேன். பாடநூலிலே சீகன்பால்கு இருக்கிறார். மலையப்பனை நான்தான் சொல்ல வேண்டும்.

தந்தையிடம் இவையனைத்தையும் சொல்லி முடித்தேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர் கேட்டார்: “அந்த ஊரில் கோடையிலும் குளிருமாமே, என்ன உடுத்திக்கொள்வாய்?”

போகலாமா என்ற கேள்வி போய், எப்படிப் போவது என்ற கேள்வி வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

அப்பாயி மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டார். போய்ச் சேர்ந்ததும் கடிதம் எழுத வேண்டுமாம். கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாம் என்றேன். அதெல்லாம் வேண்டாம், கடிதம்தான் வேண்டும் என்றார்.

எழுதுவேன். கோபன்கேகனில் இறங்கியதும் ஒன்று, ஹாலேயில் ஒன்று, லெய்டனில் ஒன்று. எண்பது ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன கடிதம் இந்த வீட்டுக்கு மீண்டும் வரட்டும். கடல் ஒருபோதும் நம்மைத் தடுக்கவில்லை, தோழர்களே! கரையில் நின்றவர்களே தடுத்தார்கள். அவர்கள் விலகி நின்று வழியனுப்பட்டும்!